நீர்மூழ்குவோர் கருவிகளில் உலோகக் கண் பதித்தல்: சில சிக்கல்களும் ஒரு சுத்தியலும்

கடலுக்கடியில் மூச்சு விடுவது எப்படி என்ற கேள்வியை ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யனும் 1943-லேயே பிரான்சில் தீர்த்து வைத்துவிட்டார்கள். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இன்னும் முடிவு காணாமல் கிடக்கிறது. ஸ்கூபாக்காரர் தம் தொடைப் பையின் அடியில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்கு உலோக வளையம் அடிக்கலாமா, கூடாதா? மூச்சுக் கருவியைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. வளையத்தைப் பற்றி அறிஞர் உலகம் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். நெறியாளர் எவரும் கிடைக்காததால் ஆய்வாளரே நெறியாளராகவும் இருந்து, தம்மைத் தாமே பலமுறை பாராட்டிக்கொண்டார்.

முதலில் பொருள் வரையறை. ஷூவில் நாடா நுழைகிற இடத்திலும், தார்ப்பாயின் ஓரத்திலும் பார்த்திருப்பீர்களே, அதுதான். சிறியதை ஐலெட் என்பார்கள். பெரியதை கிராமெட் என்பார்கள். குழல் வைத்த பகுதி ஒன்று, அதன்மேல் கவிழும் வாஷர் ஒன்று. நடுவில் துணியைக் கொடுத்து, அச்சுக்கோலை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டால், குழலின் வாய் மலர்ந்து வாஷரைக் கவ்விக்கொள்ளும். கப்பல் பாய் தைப்பவர்கள் அடிக்கும் உயர்குடி வளையத்துக்கு வாஷரில் பற்களும் உண்டு. அவை துணியைக் கடித்துப் பிடிக்கும். அளவை எண்ணால் சொல்வது வழக்கம். 0 எண்ணின் துளை 6.35 மி.மீ., 2 எண்ணுக்கு 9.5, 4 எண்ணுக்கு 12.7. ஒன்றும் மூன்றும் உண்டு. பக்க வரம்பு கருதி அவை இங்கே விடப்படுகின்றன.

இனி, வளையம் எற்றுக்கு எனின், நீர் வடிதற்கு என்க. ஒரு லிட்டர் கொள்ளும் பை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கடல்நீரைச் சுமக்கிறது. மூழ்கியிருக்கும் வரை அந்த எடை தெரியாது. கடலுக்குள் கடல்நீருக்கு ஏது எடை? படகின் ஏணியில் இரண்டாம் படி ஏறும்போதுதான் கணக்கு தீர்க்கப்படும். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயம், தொடையில் இந்த ஒரு கிலோ. ஆகவே அடியில் ஒரு கண் வேண்டும் என்பது முதற்கோள்.

இங்கே மறுப்பாளர் எழுந்து, “அடி என்றீரே, அடி என்பது யாது?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நிலத்தில் நிற்பவருக்குப் பையின் அடி முழங்கால் பக்கம். நல்ல ஸ்கூபாக்காரரோ நீருக்குள் நிற்பதில்லை, படுத்த வாக்கில் மிதக்கிறார். அப்போது முழங்கால் பக்கம் என்பது வெறும் பின்பக்கம். தலைகீழாக இறங்கும்போது அதுவே உச்சி. இம்மூன்று நிலைகளையும் வைத்து ஆராய்ந்ததில் தெரிந்தது இது: நீருக்குள் பை நிறைந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை, வடிய வேண்டியது ஏணியில்தான். எனவே ஏணியின் ‘அடி’யே அடி. இதில் ஓர் உபரி இலாபமும் உண்டு. குதிக்கும்போது மூடிய பைக்குள் சிக்கிய காற்று, தலைகீழாக இறங்கும் நேரத்தில் அதே கண் வழியே குமிழியாக வெளியேறிவிடும். ஒரே துளை, மேலே நீருக்கு வாசல், கீழே காற்றுக்கு வாசல். இத்தகைய சிக்கனம் அரசாங்கக் கட்டடங்களில்கூடக் காணக் கிடைப்பதில்லை.

அளவுச் சிக்கலைச் சுருக்கமாக முடிக்கலாம். கடலடியில் பலகையில் எழுத ஸ்கூபாக்காரர்கள் சாதாரணப் பென்சில் வைத்திருப்பார்கள். பென்சிலின் பருமன் சுமார் 7 மி.மீ. 2 எண் வளையத்தில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். 0 எண்ணில் மாட்டிக்கொள்ளும். 0 எண்ணே சிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் தம் பென்சிலை இழந்து கற்கலாம்.

ஆய்வின் இருதயம் உலோகத்தில் இருக்கிறது. கடல்நீர் மின்சாரம் கடத்தும். அதில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், தாழ்ந்தது உயர்ந்ததற்காகத் தன்னை அரித்துக்கொள்ளும். இதைப் பிரிட்டிஷ் கடற்படை பெருஞ்செலவில் கற்றது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்க 1761-இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகட்டால் மூடி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். கப்பல் திரும்பியதும் 1763-இல் புரட்டிப் பார்த்தால், புழு இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பலவும் கரைந்து உதிர்ந்திருந்தன. சில ஆணிகள் மட்டும் புதிதாக இருந்தன. காரணம், செப்புத் தகடு வந்தபோது சுற்றியிருந்த பழுப்புத் தாளை அங்கங்கே யாரோ பிரிக்க மறந்திருக்கிறார்கள். தாள் இருந்த இடத்தில் செம்பும் இரும்பும் தொடவில்லை, ஆணி பிழைத்தது. ஒரு தொழிலாளியின் சோம்பலால் மின்வேதியியலுக்குக் கிடைத்த இந்தக் கொடைக்கு எங்கும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

பாடம் நம் பைக்கும் பொருந்தும். ஸ்கூபாக்காரரின் சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடும், கருவிகளை மாட்டும் டி வளையங்களும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதோடு உரசுமாறு சின்னப் பித்தளை வளையத்தை வைத்தால், அரிபடப் போவது பித்தளை. எதிரில் நிற்கும் தகடு எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேகமாக. ஆகவே இரண்டுக்கும் நடுவே துணி இருக்கட்டும். அப்படியானால் வளையத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே அடித்துவிடலாமே என்பார் மறுப்பாளர். அந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். ஈரத் துணி இறுகக் கடித்த வாஷருக்கு அடியில் ஆக்சிஜன் ஏது? அங்கேதான் கள்ளத்தனமாக அரிப்பு தொடங்குகிறது. பித்தளை பச்சை பூசிக்கொண்டு குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும். அந்த நேர்மைக்காகவே ஆய்வாளர் அதன் பக்கம் சாய்கிறார். முலாம் பூசிய இரும்பை மட்டும் ஏமாந்து வாங்கிவிட வேண்டாம். காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். பித்தளையில் அது ஒட்டாது. முலாம் பூசிய அந்தப் பேனர் கடை வளையத்தின் ஆயுள் வாக்குப்பதிவு நாள்வரை என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது.

துணிக்கு வருவோம். நியோப்ரீன் உடுப்பில் வளையம் அடிப்பதை இவ்வாய்வு வன்மையாகக் கண்டிக்கிறது. நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர் நுரை. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் சுருங்க, உடுப்பு மெலிகிறது. கரையில் கச்சிதமாகக் கவ்விய வளையம் ஆழத்தில் தொளதொளத்து, மேலே வந்ததும் மறுபடி இறுகும். இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் துளை கிழியாமல் என்ன செய்யும்?

தோள்வாருக்கு வேறு வழக்கு. 50 மி.மீ. அகல நைலான் பட்டையில் வளையத்துக்கென்று துளை வெட்டினால், சுமை தாங்கும் நூல்களை நாமே அறுக்கிறோம். சூட்டுக்கோலால் துளைத்தால் வெட்டிய விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும், பிசிறு பிரியாது. நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். புகை நல்லதல்ல, மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். ஃபுளோரிடாவின் குகைகளில் மூழ்கிய பில் ஹோகர்த் மெயின் பெயரால் வழங்கும் ஹோகர்த் மரபினர், தேவையில்லாத எதையும் உடம்பில் மாட்டக் கூடாது என்பவர்கள். இடையில் வெட்டு இல்லாத ஒரே பட்டையால் தோள்வார் கட்டுபவர்கள். ஆய்வாளர் அவர்களிடம் பயபக்தி உடையவர், எனினும் பென்சிலும் பையும் உடையவர்.

இனி முடிபு. தொடைப் பையின் முழங்கால் பக்க மூலையில் ஒரு கண், 0 எண், பல் வைத்த பித்தளை. நியோப்ரீனில் கூடாது. தோள்வாரில் சூட்டுக்கோல் போதும். மிதப்பதற்காகக் காற்றடைக்கும் மிதவைப் பையில் அடிக்க நினைப்பவர் கவனிக்க: இரட்டைச் சிலிண்டர் போல்ட்டுகளுக்காக, 11 அங்குல இடைவெளியில், காற்றறைக்கு வெளியே தயாரிப்பாளரே துளை வைத்திருப்பார். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும் காற்றறைக்குள்தான் போகும். அடிக்கும்போது அடியில் கனத்த மரக்கட்டை வையுங்கள். சமையலறை கிரானைட் மேடை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.