மட்கார்டுக்கு மாப்பிள்ளைக் கோலம்

வாங்க மகன், இப்பிடி ஒக்காருங்க. பழைய ஹொண்டா சிடி 125 ஒண்டு வாங்கி, மட்கார்டுக்கும் சைலன்சருக்கும் வீட்டிலயே குரோம் ஏத்தப் போறீங்களாம். மாஷா அல்லாஹ்! வாப்பா ஒரு பல்ப் மாத்தவும் ஆள் கூப்பிடுற மனிசன். மகன் குசினிக்குள்ள ஃபெக்டரி போடப் போறார். உம்மாட சோத்துப்பானைய மட்டும் கேட்டுட்டு எடுங்க.

அந்த மினுக்கம் குரோம்ட எண்டா நினைக்கிறீங்க? மேல கிடக்கிற குரோம் அரை மைக்ரோன் ஈந்தாப் பெரிய விசயம். தலைமயிர்ட தடிப்பில நூறில ஒரு பங்கும் வராது. மினுக்கிறது அதுக்குக் கீழ ஈக்கிற நிக்கல். அதுக்குக் கீழ செம்பு. எல்லாத்துக்கும் அடியில, கை நோகத் தேய்ச்ச இரும்பு. அதில ஒரு கீறல் ஈந்தாலும் குரோம் மறைக்காது, எங்கட ஊர்ப் பெரியாக்கள் மாதிரி சந்திக்குச் சந்தி காட்டிக் குடுக்கும். நீங்க எப்ப மகன் கடைசியா சாண்ட் பேப்பர் தொட்டீங்க?

சரி, தொட்டி வச்சாச்சு எண்டு வைப்பம். உள்ள குரோமிக் அமிலம், அதுக்கு டீசி கரண்ட். ஏத்துற கரண்டில அஞ்சில ஒரு பங்குதான் உலோகமாகும், அதுவும் பெரும்பாலும் கிடைக்காது. மிச்சம் ஹைட்ரஜன் குமிழாகி அமிலத்தையும் ஆவியாத் தூக்கிக்கொண்டு மேல வரும். அதை விடாம மூச்சில இழுத்தா மூக்குத்தண்டில ஓட்டை விழும். மூக்குத்தி போட வசதி. நுரையீரலுக்குப் புற்றுநோயும் வரும், அது வசதியில்ல.

வேல முடிஞ்சு குரோம் கழுவின மஞ்சத் தண்ணிய எங்க ஊத்துவீங்க? எங்கட ஊர்ப் பிங்கா ஓயாவிலதானே! மழை பெய்ஞ்சா ஓயா கடைவீதிக்கே வரும், நீங்க குடுத்ததைத் திருப்பித் தரும். மிச்சம் கட்டுகஸ்தோட்டையில மகாவலியோட சேரும், பொல்கொல்லை அணையில திரும்பி வடக்க வயலுக்கும் போகும். இது வெறும் பயமுறுத்தல் இல்ல மகன்: தமிழ்நாட்டு இராணிப்பேட்டையில குரோமேட் ஆலையொண்டு 1990களில மூடினது. அது விட்டுப்போன கழிவு மலையா நிண்டு ஊர்ட நிலத்தடித் தண்ணியக் கெடுத்தது.

கழட்டுறது, துரு எடுக்கிறது, தேய்க்கிறது உங்கட வேல. முக்கிறதை, கழிவைச் சுத்தமாக்கி விடுற பட்டறைக்குக் குடுங்க. சல்லி பத்தாட்டி கறுப்புப் பெயின்ட் அடிங்க மகன். சிடி 125 அதோடயும் ஓடும்.