வளர்கலைஞன்: ஜாஸ் ரசிகர்களின் வினைத்தொகைச் சிக்கல்

1. ஆய்வுப் பொருள்

ஊறுகாயை நமக்குப் பள்ளிக்கூடத்தில் வினைத்தொகை என்று அறிமுகம் செய்தார்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் இடம் கொடுத்துவிட்டு, தான் எந்தக் காலம் என்று வாய் திறக்காமல் ஜாடிக்குள் உட்கார்ந்திருக்கும் சொல் அது. 'வளர்கலைஞன்' என்பதும் அதே சாதிச் சொல்தான். டெனர் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறும் இருபத்து மூன்று வயதுப் பையன் வளர்ந்தவனா, வளர்கிறவனா, இனிமேல்தான் வளர்வானா? ஜாஸ் ரசிகர்கள் இந்தக் கேள்வியைச் சுமார் 90 ஆண்டுகளாகத் தீர்த்துவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள். காப்பாற்றும் முறையை இலக்கண நோக்கில் ஆராய்கிறது இக்கட்டுரை.

2. ஆய்வுக் களம்

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ். 1935இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்டைப் போல, இங்கே நிலவறையில் இயங்கும் ஜாஸ் மன்றங்கள் உண்டு. இசை கீழே நடக்கும். விமர்சனம் படியேறி நடைபாதைக்கு வரும். முதல் செட்டுக்கும் இரண்டாம் செட்டுக்கும் நடுவிலுள்ள இடைவேளையே ஆய்வுக்கு உகந்த நேரம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது விதி. நடைபாதையில் அந்த விதி செல்லாது என்பதை முதலிலேயே பதிவுசெய்துவிடுகிறேன்.

3. இறந்தகாலக் கட்சி

இக்கட்சிக்கு எந்தப் பையனும் புதியவன் அல்லன். அவன் நாலு சுரம் ஊதுவதற்குள், "இது கோல்ட்ரேன், அது டெக்ஸ்டர் கார்டன், இந்த வளைவு ஜோ ஹெண்டர்சன்" என்று ஒவ்வொன்றுக்கும் பழைய பட்டாவை எடுத்து நீட்டிவிடுவார்கள். பையன் பெயரில் மிஞ்சுவது வியர்வை மட்டும். தீர்ப்பு: "தனக்கென்று ஒரு குரல் இல்லை."

குரல் இருந்தவன் கதையையும் பார்த்துவிடலாம். 1934இல் டெனர் சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு லெஸ்டர் யங் வந்தார், வயது 24. ஹாக்கின்ஸின் நாதம் கனத்தது, யங்கின் நாதம் மெலிந்து மிதப்பது. குழுவினர் முகம் சுளித்தார்கள். ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி வாசிக்கக் கூடாதா என்று பாடம் நடத்தினார். சில மாதங்களில் யங் பெட்டியைக் கட்டிவிட்டார். அடுத்த தலைமுறையில் ஸ்டான் கெட்ஸ் முதலிய பலர் யங்கின் வழியில் வந்தார்கள். அவர்கள்மேல் எழுந்த புகார்: "யங்கைப் போலவே இருக்கிறதே!"

ஆக, முன்னோரைப் போல் இல்லாதது முதற்குற்றம். போலவே இருப்பது இரண்டாங்குற்றம். குற்றமற்ற மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இறந்தபின் ஒதுக்கப்படும்.

4. எதிர்காலக் கட்சி

"சரக்கு இருக்கிறது. ஒரு பத்து வருஷம் போகட்டும்." இதுதான் இவர்களின் முழுக் கொள்கை அறிக்கை. கேட்டால் கான்சஸ் சிட்டியைக் காட்டுவார்கள். 1936இல் அங்கே ரினோ கிளப்பில் பதின்ம வயது சார்லி பார்க்கர் சாக்ஸபோன் வாசிக்கும்போது வழி தவறினார். டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். 1937 கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப்பக்கம் வேலைக்குப் போனார். அங்கே லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை நெட்டுருப் போட்டுத் திரும்பினார். 1945இல் அவருடைய புகழ்பெற்ற 'கோ-கோ' பதிவானது. எனவே சிம்பல் எறிந்தால் பையன் தேறுவான் என்பது கட்சியின் முடிவு. பார்க்கரை நோக்கி எறிந்த சிம்பலுக்கு வரலாறு உண்டு. அப்படி ஏதோ ஒன்று காலடியில் விழுந்ததும் ஊர் திரும்பி மளிகைக்கடையில் உட்கார்ந்துவிட்ட பையன்களுக்கு வரலாறு இல்லை. இந்தக் குறையைக் கட்சியினரிடம் சுட்டினேன். "அவர்களிடம் சரக்கு இல்லை" என்றார்கள்.

ஜாடி தானே மூடிக்கொள்வதும் உண்டு. 1956இல் 'சாக்ஸபோன் கொலோசஸ்' பதிவுசெய்த சானி ரோலின்ஸ், 1959இல் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். ஊறியாயிற்று என்று ரசிகர்கள் கரண்டியோடு நின்ற நேரம் அது. வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று மணிக்கணக்கில் சாதகம் செய்தார். 1961இல் திரும்பி வந்தார். 1962இல் 'தி பிரிட்ஜ்' வெளிவந்தது. கேட்டவர்களில் சிலர், "பெரிதாக எதுவும் மாறவில்லையே" என்று ஏமாந்தார்கள்.

மாறினால் மட்டும் விட்டுவிடுவார்களா? கோல்ட்ரேனின் சுரப் பெருக்கை 1958இல் டவுன்பீட் இதழில் ஐரா கிட்லர் 'ஒலி விரிப்புகள்' என்று வியந்தார். கோல்ட்ரேன் மேலும் வளர்ந்தார். 1961இல் அதே இதழில் ஜான் டைனன் அவர் வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்றார். ஊறாதது குற்றம், அதிகம் ஊறியதும் குற்றம் என்று கொள்க.

5. கருவிச் சான்று

இரு கட்சிகளும் களைத்தபின் பேச்சு கருவிக்குத் தாவும். பையன் வைத்திருப்பது 1954இல் அறிமுகமான செல்மர் மார்க் சிக்ஸ்தானா? வரிசை எண் ஐந்து இலக்கமா, ஆறு இலக்கமா? ஐந்து என்றால் முகம் மலரும். ஆறு என்றால் லேசாக இருமுவார்கள். அடுத்து மௌத்பீஸ் உலோகமா ரப்பரா. அடுத்து ரீடு இரண்டரையா மூன்றா. நாதஸ்வர ரசிகர்கள் சீவாளியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இவ்விடத்தில் உரை தேவையில்லை.

6. நிகழ்காலக் கட்சி

வளர்கிறான் என்று சொல்லும் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்று நடைபாதை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. இலக்கத் தகராறு சூடேறியிருந்தபோது படிக்கட்டுக்குக் கீழிருந்து சாக்ஸபோன் கேட்டது. இரண்டாம் செட் தொடங்கி நேரமாகிவிட்டிருந்தது.

இறங்கிப் போனேன். நான் தேடியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். கிளாஸைத் துடைக்கும் துணி மதுக்கூடக்காரர் கையிலேயே நின்றிருந்தது. பையன் மெதுவான பாட்டு ஒன்றில் இருந்தான். ஒரு சுரத்தை எட்டிப் பிடிக்கப் போய், கீழே தவறி, தவறிய இடத்திலிருந்தே வேறொரு வழி கண்டுபிடித்து மேலேறினான். அந்த வழிக்கு யார் பெயரிலும் பட்டா இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்து மேசை அம்மாளிடம் கருத்துக் கேட்டேன். உதட்டில் விரல் வைத்தார். சான்றாகக் குறித்துக்கொண்டேன்.

செட் முடிந்து மேலே வந்ததும் இரு கட்சியினரும், "எப்படி?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"நன்றாக வாசித்தான்" என்றேன்.

இறந்தகாலக் கட்சியினர் நகர்ந்து எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.