உத்திரமேரூர் வட்டாரத்து ரம்மியும் குடவோலை முறையும்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

உத்திரமேரூருக்கு வருகிற ஆராய்ச்சியாளர்கள் நேராக வைகுந்தப் பெருமாள் கோவில் மண்டபத்துக்குப் போகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டையும் (கி.பி. 919 ஒன்று, 921 மற்றொன்று) போட்டோ பிடிக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்தல் நடந்த ஊர் என்று பூரித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில மைல் தள்ளி எங்கள் ஊர் ஏரிக்கரை அரசமரத்தடியில் அதே கல்வெட்டின் விதிகள் தினமும் மாலை நான்கு மணிக்கு அமலில் இருப்பதை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வு முறை, பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது நானும் ஆடினேன். ஆய்வுக்காலம் பதினோரு வருடம். தோற்றவர் எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கித் தர வேண்டும் என்பது மரத்தடி விதி. அந்த வகையில் ஆய்வுச் செலவில் பெரும்பகுதியை நானே ஏற்றுக்கொண்டேன். எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. கேட்கவும் இல்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. ஓலைநறுக்கில் பெயரெழுதிக் குடத்தில் போட்டார்களே, அதுவும் சீட்டு. மாதாமாதம் கட்டுவதும் சீட்டு. தேர்தலுக்குத் தேர்தல் கட்சியில் கேட்பதும் சீட்டு. வேலை போனால் கிழிவதும் சீட்டு. ஆக, குடவோலைக்கும் ரம்மிக்கும் உறவு தமிழிலேயே நிரூபணமாகிவிட்டது. அடுத்து, பூவிதழ் போட்ட கறுப்புச் சீட்டை ஆங்கிலேயன் கிளப் என்கிறான். நாம் கிளாவர் என்கிறோம். டச்சுக்காரனும் கிளாவர்தான் என்கிறான். அவனுடைய ஹார்ட்டன்தான் நம் வாயில் ஆட்டின் ஆகியிருக்க வேண்டும். டச்சுக் கோட்டை எங்கே இருக்கிறது? இங்கிருந்து கிழக்கே போனால் கடலோரத்தில், சதுரங்கப்பட்டினத்தில். விளையாட்டின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருக்கும் இடத்தில் இறங்கியவன் சீட்டுக்கட்டு இல்லாமலா இறங்கியிருப்பான்?

இனி ஆட்டம். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆள் கூடினால் இரண்டு கட்டு கலக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றை இறக்கிக்கொண்டே வந்து, பதிமூன்றையும் சேர்க்கைகளாகப் பிரித்தவன் டிக் அடிப்பான். சேர்க்கை இரண்டு வகை. ஒரே பூவில் அடுத்தடுத்த எண்கள் வந்தால் ரம்மி; ஒரே எண் வெவ்வேறு பூக்களில் வந்தால் செட். எது சுலபம் என்பதில் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் நெடுங்காலமாக வழக்கு இருந்துவந்தது. நான் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆஸை மேலும் கீழும் வைக்கலாம் என்றால் ஒரு பூவுக்குப் பன்னிரண்டு மூன்று-சீட்டு ரம்மி, நான்கு பூவுக்கு 48. செட்டோ, ஓர் எண்ணுக்கு நான்கு வீதம் பதிமூன்று எண்ணுக்கு 52. செட் நான்கு கூடுதல். இதைச் சபையில் வைத்தபோது மாமா கேட்டார்: "அப்ப இன்னாத்துக்கு மாப்ள தெனம் நீயே டீ வாங்கிக் குடுக்கற?" அந்தக் கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆட்டத்தின் உயிர் ஒரிஜினல் ரம்மியில் இருக்கிறது. ஜோக்கர் கலக்காத ரம்மி ஒன்றாவது கையில் இல்லாவிட்டால், மற்றபடி எத்தனை செட் வைத்திருந்தாலும் அத்தனையும் எண்ணப்படும். படமும் ஆஸும் பத்துப் பத்து. 130 வரை போகலாம் என்றாலும் 80-க்கு மேல் எழுதுவதில்லை. அதற்குப் பெயர் ஃபுல்லு. இங்கேதான் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. ஊர்ச் சபையின் வாரியத்தில் உட்கார வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி போதும். முதலில் கையில் சொந்தமாக ஒன்றைக் காட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதுதானே இரண்டு இடத்திலும்? கால் வேலிதான் ஒரிஜினல். வேதம் ஜோக்கர். என்ன, சபை அந்த ஜோக்கரைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டது; எங்கள் மரத்தடி ஏற்றுக்கொள்வதில்லை.

சீட்டு எடுக்கும் முறையில் ஒற்றுமை இன்னும் நெருக்கம். கல்வெட்டுப்படி, கோவில் பூசை செய்கிற நம்பிகளில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கும் என்பதால். சோழர் காலத்து வேத பண்டிதர்களிடமே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. எங்கள் மரத்தடியிலும் கட்டைக் கலைத்தவன் வெட்டக் கூடாது, பக்கத்து ஆள்தான் வெட்ட வேண்டும். சித்தப்பா எடுக்கும்போது மட்டும் "கைய விரிச்சு எடுங்க" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொல்வோம். அவர் கோபித்துக்கொள்வதில்லை. விரிப்பதுமில்லை.

கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட்டு விடலாம், 20 புள்ளியோடு போகும். நடுவில் விட்டால் 40. 101-ஐத் தொட்டவன் வெளியே. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்பதை நீதிமன்றங்களே பார்த்துக்கொள்கின்றன. விழுகிற சீட்டை நினைவில் வைத்து, எதை வைப்பது எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் இது பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், ரம்மியை அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்திருந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையை ரத்து செய்தது. எங்கள் பெரியப்பா ஒரே சாயங்காலத்தில் இரண்டு தரப்புக்கும் வாதாடுவார். ஜெயித்த ஆட்டம் மூளை, தோற்ற ஆட்டம் கை வரவில்லை.

எனக்குக் கவலையெல்லாம் ஸ்கோர் நோட்டைப் பற்றித்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுமுறைகளையும் குடத்தில் போடக் கூடாது என்கிறது கல்வெட்டு. சிற்றன்னை பிள்ளை, பேரன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எங்கள் நோட்டு இருப்பது சித்தப்பாவிடம். போன தையில் எனக்கு இரண்டு ஃபுல்லு எழுதியிருக்கிறார். நான் வாங்கியது ஒன்று. விதியை அமல்படுத்தலாம் என்று எழுந்தேன். சித்தப்பாவையும் அவர் உறவுகளையும் நீக்கினால் மரத்தடியில் அரசமரம் மட்டும்தான் மிஞ்சும், நானும் சேர்த்தி என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாகக் களத்தின் இன்றைய நிலை. சிவப்புக் கட்டில் கிளாவர் ஏழு தொலைந்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை அளவாக வெட்டி, ஒரு பக்கம் பால்பாயின்ட் பேனாவில் ஏழு பூ போட்டு வைத்திருக்கிறோம். மறுபக்கத்தில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அச்சில் இருக்கிறது, மூலையில் மஞ்சளும் தடவியிருக்கிறது. அது யார் கைக்குப் போனாலும் சபை முழுவதற்கும் தெரியும். சிவப்பு முதுகில் உபரியாக ஒரு கிளாவர் ஏழு வைத்திருப்பவர்கள் கல்வெட்டைப் பார்க்க வரும்போது எடுத்துவரலாம். நான்கு மணிக்கு மேல் மரத்தடியில் இருப்போம்.