நாள் குறிக்கப் பெருசைக் கேளு

வா தம்பி, நெழல்ல உக்காரு. அக்டோபர் 10 உலக மனநல நாளாமே, எங்க குப்பத்துல விழிப்புணர்வுக் கூட்டமாமே! காத்தால பத்து மணிக்கா? ரொம்ப நல்ல நேரம். ராத்திரி பூரா பழவேற்காடு ஏரியில வலை போட்டவன் வந்து கட்டையச் சாய்ச்சிருப்பான். பொம்பளைங்க கூடையத் தூக்கிக்கினு மார்க்கெட்டுக்குப் போயிருப்பாங்க. ஒருத்தரும் உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டாங்க. நீ பாட்டுக்கு ஒரு மணி நேரம் பேசு, பிளாஸ்டிக் நாற்காலிங்க தலையாட்டும்.

ஆள் சேரலைன்னா இருக்கவே இருக்கு இஸ்கூல் பசங்க. ஆளுக்கு ஒரு அட்டையக் குடுத்துப் பேரணி வுட்டுட்டா போட்டோவுக்கு ஆச்சு. "மனச்சோர்வை வெல்வோம்"னு அஞ்சாங்கிளாஸ் புள்ள கத்திக்கினு போவும். மூணு மாசமா வூட்ட வுட்டு வெளிய வராதவன் ஜன்னல்ல நின்னு பாப்பான். அவனுக்கு உன் பிஸ்கெட்டுகூடக் கெடைக்காது.

நாள் குறிக்கத் தெரியலைன்னா என்னைக் கேளு. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுடற நாளாப் பாத்துப் போடு. அன்னிக்குக் கடலுக்குப் போவாதேன்னு மீன்வளத்துறையே சொல்லிடும். அத்தினி ஆம்பளையும் கரையில. புகையப் பாக்கிற வேடிக்கை அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும். அப்பால நாள் பூரா சும்மா உக்காந்தா இன்னா ஞாபகம் வரும்? வாங்கின கடனும் போன எஞ்சினும்தான். உனக்குச் செலவில்லாம ஆள் சேத்துக் குடுக்கிறான் இஸ்ரோக்காரன், வுடாதே. ராக்கெட் தள்ளிப்போச்சுன்னா நீயும் தள்ளிப்போடு. நாங்க பொழப்பையே தள்ளிப் போடறோம்.

இன்னொண்ணு. இந்த ஏரியில பாடுன்னு ஒரு மொறை இருக்குது. கோட்டைக்குப்பமோ ஆண்டிக்குப்பமோ, எந்த எடத்துல யாரு என்னிக்கு சுத்துவலை போடறதுன்னு தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு சீட்டு எடுத்து வெச்சிருக்கோம். மொறை இல்லாதவன் வலைய எறக்கினா பஞ்சாயத்துல தண்டம். உன் மீட்டிங்கும் அப்பிடி மொறை கேக்காம எறக்கின வலைதான் தம்பி. பஞ்சாயத்தாருக்குச் சால்வை போத்தறேன்னு மேடைக்குக் கூப்பிடாதே, சால்வை எங்க வூட்ல நெறைய கீது. நாள் குறிக்கக் கூப்பிடு. நாங்க குறிச்ச நாளுக்கு ஆள் வரலைன்னா மானம் போறது எங்களுக்கு. அதுக்காகவாவது வூட்டுக்கு ஒருத்தனை இழுத்துக்கினு வருவோம்.

ஆனா அந்தப் பாடு மொறையில இருக்கிற ஓட்டையையும் சேத்துத் தூக்கிக்கினு வராதே. அதுல பொம்பளைங்களுக்குப் பங்கு கெடையாது. தண்ணியில உக்காந்து கையால தடவி எறா புடிக்கிற இருளருங்களுக்கும் கெடையாது. உன் கூட்டத்துலயும் அவங்களைக் கடைசி வரிசையில நிக்க வெச்சின்னா, யாருக்கு ஆறுதல் ஜாஸ்தி வேணுமோ அவங்களை வுட்டுட்டு எங்களுக்கு டீ குடுத்த கணக்குத்தான்.

பேச்சுக்கு வருவோம். மூச்ச இழு, மூச்ச வுடுன்னு சொல்லித் தருவியாமே. ஆனா ஏரி முகத்துவாரத்துல மண்ணு மூடிக்கிச்சுன்னா எறா குஞ்சு உள்ள வராது, கடன்காரன் வருவான், அப்பால தூக்கம் வராது, தூக்கம் வரலைன்னு டாஸ்மாக் போவான். எவனாச்சும் எழுந்து "முகத்துவாரத்தை யாரு தூர் வாரறது?"ன்னு கேப்பான். தலைப்புக்குச் சம்மந்தம் இல்லைன்னு மைக்கப் புடுங்காதே. சம்மந்தம் அதுதான்.

2011 கிறிஸ்மஸ் அன்னிக்கு இந்தத் தண்ணியில படகு கவுந்து 22 பேர் போனாங்க, வெளியூர்லேருந்து சுத்திப் பாக்க வந்த ஜனம். எங்க ஆளுங்களும் எறங்கித் தூக்கினாங்க. லைசென்ஸ் கேட்டாங்க, லைஃப் ஜாக்கெட் கேட்டாங்க, எல்லாம் கேக்க வேண்டியதுதான். தூக்கினவன் அப்பால தூங்கினானான்னு கேட்டது என் காதுல வுழல.

கேட்டுப் பாத்த ஊரும் இருக்குது. சுனாமிக்கு அப்பால மெட்ராஸ் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துல, லட்சுமி விஜயகுமார் டாக்டரம்மா 1986-ல ஆரம்பிச்ச சினேகாங்கிற அமைப்புக்காரங்க தொண்டருங்களுக்குப் பயிற்சி குடுத்து, சாவு வுழுந்த வூடுங்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினாங்க. டாக்டருங்க இல்லை, சாதாரண ஜனம். பக்கத்துல உக்காந்து கேட்டதுதான் வேலை. அப்பிடி ஆள் போவாத காசிமேட்டு ஜனத்தோட பின்னால ஒப்பிட்டுப் பாத்தாங்க, சீனிவாசபுரத்துல மனச்சோர்வு கொறைஞ்சிருந்துச்சாம். அவங்களும் நம்ம மாதிரி மீன் நாத்தம் புடிச்சவங்கதான். ஜிம்பாப்வேன்னு ஒரு தேசத்துல டிக்சன் சிபாண்டான்னு ஒரு டாக்டரு, 2006-லேருந்து கெழவிங்களை பெஞ்சுல உக்கார வெச்சு இதையே செய்யறாரு. நம்மகிட்ட கெழவிங்க ரெடி, பெஞ்சு மட்டும் வாங்கிக் குடு. சும்மா புறணி பேசறாங்கன்னு நெனைக்காதே, எந்த வூட்ல அடுப்பு எரியலைன்னு உன் சர்வே ஃபாரத்துக்கு முன்னால அவங்களுக்குத் தெரியும்.

வலை தைக்கிற எடத்துக்கு ஒரு நாள் வா. கால் கட்டைவிரல்ல வலைய மாட்டி இழுத்துக்கினு, ஊசி உள்ள போய் வெளிய வர்றதையே பாத்துக்கினு இருப்பானுங்க. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க வேணாம். அப்பத்தான் "ரெண்டு நாளா ஒரு மாதிரியா கீதுடா"ன்னு ஒருத்தன் வாய வுடுவான். உன் மேடையில அவனை ஏத்திக் கேட்டின்னா "நல்லா இருக்கேன் சார்"னு கும்புட்டுட்டு எறங்கிடுவான்.

சாமி கிட்டப் போறவனை நக்கல் பண்ணாதே. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி சங்கிலியோட கட்டிக் கெடந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில எரிஞ்சாங்க. சங்கிலி பாவம், இப்ப 2017 மனநலச் சட்டப்படி குத்தமும்கூட. ஆனா தர்காவுக்குக் கூட்டிக்கினு போன அம்மா பாவம் பண்ணலை, வேற கதவு தெரியாம போனா. அப்பால அந்தத் தர்காகிட்டயே டாக்டருங்க வந்து பாக்க ஆரம்பிச்சாங்க, துவாவும் நிக்கல. இங்க அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் எல்லாம் கூப்புடற தூரத்துல கீது. பூசாரி, ஃபாதரு, ஹஜ்ரத்து மூணு பேர்கிட்டயும் மொதல்ல போ.

முக்கியமானது மாத்திரை. ஸ்கார்ஃபுன்னு சாரதா மேனன் அம்மா 1984-ல ஆரம்பிச்ச அமைப்பு, புதுக்கோட்டைப் பக்கம் ஊர் ஊரா ஒரு பஸ்ஸ ஓட்டினாங்க. மனநோய் பத்திப் படமும் போட்டாங்க, அதே பஸ்ஸுல டிவி வழியா டாக்டரு மெட்ராஸ்லேருந்து பாத்தாரு, மருந்தையும் அங்கயே குடுத்தாங்க. நீ படத்தை மட்டும் போட்டுட்டு "சிகிச்சை எடுத்துக்கோங்க"ன்னா, பொன்னேரிக்குப் போவ பஸ் காசும் ஒரு நாள் கூலியும் யாரு தர்றது? உன் நோட்டீஸ்ல 14416-னு நம்பர் இருக்குது, ராப்பகலா பேசலாமாம், காசு இல்லையாம். நல்லதுதான். அதைப் பொடி எழுத்துல அடியில போட்டு, மேல தலைவரு போட்டோவப் பெருசாப் போட்டுக்கீற. ரெண்டையும் எடம் மாத்திப் போடு.

அடுத்த கூட்டம் எப்பன்னு மொதக் கூட்டத்துலயே சொல்லிடு. சொன்ன நாளுக்கு வரலைன்னா பஞ்சாயத்துல உனக்கும் தண்டம் போடுவோம். அதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு உங்க ஆபீஸ்ல இப்பவே கேட்டு வெச்சிக்கோ.