யானை நேராப் போகுமா, கோணலாப் போகுமா?

விஸ்வநாதன் ஆனந்துக்கு அவருடைய அம்மா சுசீலா செஸ் சொல்லிக்கொடுத்தபோது அவருக்கு வயது 6. இந்த ஒரு தகவலை நம்பி எத்தனையோ வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து போர்டை விரித்துவிடுகிறார்கள். அந்த அம்மாவின் பொறுமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை ஆனந்தாக இருந்ததும் அவருக்கு ஒரு வசதி.

எனக்கு ஆசை வந்தது மரோட்டிச்சாலால். திருச்சூர் மாவட்டத்து மலையோர கிராமம். ஒரு காலத்தில் ஊரே சாராயத்திலும் சீட்டிலும் மூழ்கிக் கிடந்தது. உண்ணிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர் தன் கடையில் வைத்தே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செஸ் பழக்கிவிட, குடி குறைந்து இன்று அது செஸ் கிராமமாகப் பேர் வாங்கியிருக்கிறது. இங்கே கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலும் அப்படி ஒன்று செய்தாலென்ன என்று தோன்றியது. ஆனால் எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் அனுப்பும் தாலுகா. பெரியவர்கள் செஸ்ஸில் இறங்கிவிட்டால் பாதித் தோப்புக்காரர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே குழந்தைகளிடம் ஆரம்பித்தேன்.

கோடை விடுமுறைக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அக்கா மகள். இங்கேயே தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. இன்னொருவன் கொழுந்தியாள் மகன். மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்து மலையாள மீடியத்தில் படிப்பவன். அவளுக்கு நான் மாமா, அவனுக்குப் பெரியப்பா. இரண்டு பேரும் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்ற தைரியத்தில், மூலைக் காயைக் கையில் எடுத்து, "இது யானை, நேராத்தான் போகும்" என்றேன்.

"அது தேரு பெரியப்பா. யானை இந்தா இருக்கு, கோணலாப் போகும்" என்று குதிரைக்கு அடுத்த காயைத் தொட்டான் அவன்.

"அது மந்திரிடா!"

"மந்திரி ராஜா பக்கத்துல நிக்கிறவரு."

"அது ராணி!"

பள்ளிக்கூடத்து அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். மலையாளத்தில் மூலையில் நிற்பது தேர், குறுக்கே போவது ஆனை, ராஜாவுக்கு அடுத்து நிற்பவர் மந்திரி. அதாவது வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் தேர் யானையாகிவிடும், யானை மந்திரியாகிவிடும், மந்திரி ராணியாகிவிடுவார். செக்போஸ்ட்டில் ஒருவரும் நிறுத்திக் கேட்பதில்லை.

சரித்திரத்தைப் பார்த்தால் பையன் பக்கம்தான் பலம். இங்கிருந்து பாரசீகம் வழியாகப் போன பழைய ஆட்டத்தில் யானை குறுக்கே தாவுகிற காய். ராஜாவுக்குத் துணை மந்திரி. அவரும் கோணலாக ஒரே ஒரு கட்டம் நகர்கிற சாது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் அவரை எட்டுத் திசையும் பாயவிட்டார்கள். அங்கே பல நாடுகளில் அந்தக் காய்க்கு அரசி என்று பெயர். ரஷ்யர்கள் இன்றும் கோணலாகப் போகும் காயை யானை என்றுதான் சொல்கிறார்கள். ஆக, அவன் பின்னால் ரஷ்யா. அவள் பின்னால் சென்னை. சென்னையென்றால் 2024 டிசம்பரில் உலக சாம்பியனான குகேஷின் ஊர். இரண்டில் எதைப் பகைத்துக்கொள்வது?

பையனுக்கு ரஷ்யா தேவைப்படவில்லை. "யானை நேரா வரவே வராது பெரியப்பா. படையப்பா தேயிலைக்குள்ள கோணலாத்தான் வரும்" என்றான். மூணாறில் படையப்பா என்றால் ரஜினி இரண்டாம் பட்சம். முதலில் நினைவுக்கு வருவது ரோட்டில் வந்து பஸ்ஸை நிறுத்துகிற அந்தக் கொம்பன். நேரில் பார்த்தவனோடு யார் வாதாடுவது?

அக்கா மகள் வாதாடினாள். அவள் எடுத்துவிட்டது அரிக்கொம்பன் என்ற இன்னொரு யானையை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே எல்லை தாண்டிக் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. "தமிழ்நாட்டுக்கு வந்ததும் நேராத்தானே போச்சு?" என்றாள்.

"அது லாரியில போச்சு" என்றான் அவன்.

கடைசியில் காலையில் தமிழ் யானை, சாயங்காலம் மலையாள ஆனை என்று ஒப்பந்தம் போட்டோம். முல்லைப்பெரியாறைக்கூட இப்படிப் பேசித் தீர்த்துவிடலாமோ என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

சிப்பாய் வந்ததும் வேறு வழக்கு. "முன்னாலதான் போவாரு, பின்னால வரவே மாட்டாருன்னா வீட்டுக்கு எப்படிப் போவாருங் மாமா?" போர்டில் வீடு இல்லை என்றேன், அவளுக்கு வருத்தமாகிவிட்டது. நேராக நடப்பவர் வெட்டும்போது மட்டும் ஏன் கோணலாக வெட்டுகிறார் என்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் ராணியாகலாம் என்றதும், "ஆம்பள எப்படி ராணியாவாரு?" என்று சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை. அவன் ஆட்டத்தில் சிப்பாய் மந்திரியாகிறார். கொடி பிடித்துக் கோஷம் போட்டவர் மந்திரியாவதைக் கேரளத்தில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அலுப்புத் தட்டாமலிருக்க அம்பலப்புழைக் கோயில் கதையைச் சொன்னேன். கிருஷ்ணன் முனிவர் வேஷத்தில் வந்து ராஜாவைச் சதுரங்கத்தில் ஜெயித்து, முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டத்துக்கும் கேட்ட கதை. மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி. எண்ணை முழுசாகச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அடைக்க முடியாத அந்தக் கடனுக்காகத்தான் அந்தக் கோயிலில் இன்றும் பால்பாயசம் கொடுப்பதாக ஐதீகம். "அவ்வளவு அரிசியையும் எங்க வச்சிருந்தாங்க? அரிக்கொம்பன் வந்திருக்குமே!" என்று பதறினான் அவன். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கிய யானை; பயம் நியாயம்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பாயசம் எப்பங் மாமா குடுப்பாங்க?"

எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், ஸ்டேல்மேட்டைத் தவிர. ஒரு நாள் அவள் அவனுடைய காய்கள் அத்தனையையும் வெட்டிவிட்டு, தனியாக நின்ற ராஜாவை மூலையில் நெருக்கினாள். செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஆட்டம் டிரா என்றேன். வீடு இரண்டுபட்டது. அத்தனையையும் வெட்டியவளும் ஒற்றை ராஜாவோடு நிற்பவனும் சமம் என்பதை எந்தக் குழந்தையும் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் இப்படி நெருக்கியவருக்குத்தான் தோல்வி, நல்லவேளை நீ அங்கே பிறக்கவில்லை என்றேன். அவன் அன்றிலிருந்து இங்கிலாந்து சட்டம்தான் வேண்டும் என்கிறான். அவள் ஒரு வேளை சாப்பிடவில்லை.

எனவே சின்னப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வயது ஆகும்வரை ஸ்டேல்மேட் என்ற சொல்லையே வீட்டில் எடுக்காதீர்கள். அப்படி ஒரு நிலை வந்தால், நெருக்கிய பிள்ளை ஜெயித்ததாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்குங்கள். ஃபிடே அதிகாரிகள் யாரும் கொழிஞ்சாம்பாறை வரை வந்து பார்க்கப்போவதில்லை.