சக்கர வீட்டுக்குக் கமான் பட்டை

எல்கார்ட், இந்தியானா

அன்புள்ள கடலூர் முதுநகர் பட்டறை மாமாவுக்கு,

டிராவல் டிரெய்லர் என்பது அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். இத்தனையையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள், போய்ச் சேர்ந்ததும் வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இவ்வகை வண்டிகளில் பெரும்பகுதி எல்கார்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் தயாராகிறது. ஏர்ஸ்ட்ரீம் போன்ற சிலவற்றில் அச்சுக் குழாய்க்குள் ரப்பர் வைத்திருப்பார்கள். மற்ற பலவற்றின் அடியில் படுத்துப் பார்த்தால் தெரிவது, முதுநகருக்கு வரும் லாரிகளில் இருக்கும் அதே கமான் பட்டை, அதாவது எஃகு பிளேட்டுகளைக் கட்டாக அடுக்கிய வில். லண்டனில் ஒபதையா எலியட் 1804-இல் குதிரை வண்டிக்கென்று காப்புரிமை பெற்ற வில்லின் வம்சம் இது. சிதம்பரம் பக்கத்து மிராசுதார்கள் ஏறிப்போன வில்வண்டியும் இதற்குத் தாயாதிதான்.

பட்டை மாற்ற வேண்டிய காலம் வந்ததை வண்டியே சொல்லிவிடும். ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும், டயர் மேல்தகட்டில் உரசும், இல்லையென்றால் சென்டர் போல்ட் ஓட்டையையொட்டி மெயின் பிளேட்டில் மயிரிழைபோல் விரிசல் ஓடியிருக்கும். முதுநகரில் கட்டைக் கழற்றி, முறிந்த பிளேட்டை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்கு வளைவு ஏற்றிப் பூட்டிவிடலாம். அமெரிக்காவில் பட்டையைவிடக் கூலி அதிகம். அதனால் முழுக் கட்டையும் புதிதாக வாங்குவதே வழக்கம். வாங்குகிறவரே டேப்பும் கையுமாக வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார்.

அளவெடுப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் முனையைப் பார்க்க வேண்டும். இரு முனையிலும் கண், அதாவது போல்ட் நுழையும் வளையம், உள்ளது ஒரு வகை. ஒரு முனையில் மட்டும் கண் இருந்து, மறுமுனை தாங்கியின் மேல் சறுக்கிப் போய்வருவது ஸ்லிப்பர் வகை. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அடுத்தது அகலம். சிறிய, நடுத்தர வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1¾ அங்குலம். நீளத்தை ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும், அதுவும் பாரம் இல்லாதபோது. இரட்டை அச்சு வண்டிகளில் மிகப் பரவலாக இருப்பது 25¼ அங்குலம். ஒற்றை அச்சு வண்டிகளில் 26 அங்குலமும் உண்டு. 3 அங்குல வளைவுள்ள பட்டை முழுக்க நேராகிவிட்டால் கண்ணுக்குக் கண் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டுவிடும். ஆகவே, உட்கார்ந்துபோன 25¼ பட்டையை வண்டியில் இருந்தபடியே அளந்தால் 26 என்று காட்டும். டேப் பொய் சொல்லவில்லை, பட்டைதான் தன் வயதை மறைக்கிறது. அந்த அளவை நம்பி வாங்கிய பட்டையைப் பூட்டினால், அதன் முனையைத் தாங்கும் ஷேக்கிள் கோணிக்கொண்டு நிற்கும்.

அளவுக்குப் பிறகு பாரம். பட்டைக்குச் சொல்லப்படும் தாங்குதிறன் ஒற்றைப் பட்டைக்கு உரியது. 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ தாங்கும் அச்சுக்கு, பக்கத்துக்கு ஒன்றாக 1,750 பவுண்டுப் பட்டை இரண்டு போதும். ஒரு பக்கத்துக்கே 3,500 என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டில் பிறகு பீங்கான் தட்டு மிஞ்சாது. உண்மையான எடை தெரிய வேண்டுமானால், பயணத்துக்குக் கிளம்பும் சுமையோடு எடைமேடையில் ஏற்ற வேண்டும். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் 1977 முதல் கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் இருக்கின்றன. 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 150 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்கும், மீதிதான் பட்டைக்கு.

கரும்பு சீசனில் நெல்லிக்குப்பம் ஆலைக்கு ஓடும் லாரிக்கு ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் தாராளம் இங்கே உதவாது. பிளேட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் விறைப்பு அந்த விகிதத்தில் ஏறும். தடிமனைக் கூட்டினாலோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பத்தில் ஒரு பங்கு தடிமன் கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இந்த வீடுகளில் பல, மெல்லிய மரச்சட்டத்தில் பலகையை ஸ்டேப்பிள் அடித்துக் கட்டியவை. பட்டை வளையாவிட்டால் சாலையின் குலுக்கல் முழுவதும் அலமாரித் திருகுக்கும் ஃபிரிட்ஜில் இருக்கும் முட்டைக்கும் போய்ச் சேரும். பல டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பரே கிடையாது. பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் குதியாட்டத்தை அடக்குகிறது. எடைமேடையில் வந்த பாரத்துக்கு மேல் ஒரு படி கூடுதல் நியாயம், இரண்டு படி பேராசை. பட்டை பலத்துவிட்டதென்று அச்சும் டயரும் கூடுதல் சுமை தாங்கிவிடாது.

எஃகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கப் பட்டைகளுக்குப் பெயர் போனது 5160 என்ற குரோமியம் எஃகு, கரி சுமார் 0.6 சதவீதம். இந்தியப் பட்டறைகளில் பழகிய EN 45 சிலிக்கான்–மாங்கனீசு ரகம். ஒழுங்காகப் பதம் வைத்திருந்தால் இரண்டும் உழைக்கும்.

பட்டையை மட்டும் மாற்றிவிட்டு, அதைத் தாங்கும் உருப்படிகளை அப்படியே விட்டால் வேலை அரைகுறைதான். கண்ணுக்குள் இருக்கும் நைலான் புஷ் சீக்கிரம் தேய்ந்துபோகிறது. அதற்குப் பதில் வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிள் வைத்த போல்ட்டும் போட்டால் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் செய்யத் தக்க செலவு. இரட்டை அச்சு வண்டியில் முன்பின் பட்டைகளுக்கு நடுவே ஆடி, பாரத்தைப் பங்கிடும் ஈக்வலைசரின் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டை ஒருமுறை முறுக்கிவிட்டால் அதன் மரை இழுபட்டிருக்கும், திரும்பப் போடக் கூடாது. ஒரு பக்கம் முறிந்தாலும் அந்த அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது முறை. இல்லாவிட்டால் வீடு ஒருக்களித்துப் படுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புதுப் பட்டை படிந்து அமர்வதில் அவை தளர்ந்திருக்கும்.

கழற்றிய பழைய பட்டைக்கு முதுநகரில் கொல்லர்களிடம் நல்ல கிராக்கி. அரிவாளும் கொடுவாளும் அதில் அருமையாக அமையும். எல்கார்ட்டில் அரிவாள் கேட்டு யாரும் வருவதில்லை என்பதால், அது பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போகிறது.

இப்படிக்கு,
மருமகன்