ஒயர் வைத்த ஞானம்

போன் கடையில் கிடைக்கும் மலிவு ஹெட்போனிலிருந்து, கொஞ்சம் கூடக் காசு போட்டு ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் ரகத்துக்கு ஏறுகிறவர் முதலில் கேட்பது, "பேஸ் எங்கே?" காது இத்தனை நாள் சர்க்கரை போட்ட பாலையே பால் என்று நம்பியிருக்கிறது.

கொஞ்சம் பழகியபின் இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' போட்டால் வயலின் வில் உரசுவதுகூடக் கேட்கும். வீட்டில் இருந்தால். ஓசூர் சிப்காட் போகும் ஷிப்ட் பஸ்ஸில் வேறு கதை. ஹெட்போனின் மூடிய குடுவை கீச்சொலியைத்தான் நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த உறுமலை உள்ளே விட்டுவிடும். ஆக, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நடக்கும் சீட்டுச் சண்டை மங்கிவிடும். லாரி எஞ்சின் மட்டும் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். 1980 முதல் லேலண்ட் லாரி செய்யும் ஊரில், தொலைந்த பேஸ் இப்படி உள்ளூர்த் தயாரிப்பாகவே திரும்பி வருகிறது.

இதமான வானிலைக்காக இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள் வெள்ளைக்காரர்கள். ரெக்சின் மெத்தையைக் காதில் கவிழ்த்துக்கொண்டு சித்திரை வெயிலில் அவர்கள் பஸ் ஏறியதில்லை.

ஒயர் 3 மீட்டர். மடியில் சுருட்டியது போக மிச்சம் பக்கத்து சீட்டுக்காரர் மடியில். போனில் ஓட்டை கிடையாது என்பதால் நடுவே ஒரு குட்டி கனெக்டர் வேறு. அத்திப்பள்ளி வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டுவிட்டார்:

"இவ்ளோ காசு வாங்கிட்டு ஒயர் வச்சதையா குடுத்தான்? நல்லா ஏமாத்திட்டாங்க தம்பி."